ஒரு துண்டுக் காணி தாருங்கள், தண்டவாளத்தை நாங்கள் போடுகிறோம்

புகையிரதப் பொது முகாமையாளர் அவர்களுக்கும் போக்குவரத்து அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

களனிவெளிப் பாதையில் ஒரு காலத்தில் ஓடிய குறுகிய தண்டவாளத்தில் ஒரு சிறு துண்டையாவது எங்கள் கையாலேயே மறுபடி போட அனுமதி கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். எங்களுக்கென்று காசோ எஞ்சினோ கேட்டு வரவில்லை. திணைக்களத்தின் காணியில், ஓடும் பாதையிலிருந்து விலகி வேலிக்குள் கிடக்கும் ஒரு முந்நூறு மீட்டர் இடம் வேண்டும். கழித்துப் போட்ட பழைய இரும்பும், தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையும் வேண்டும். பக்கத்தில் நின்று சரி பிழை சொல்ல உங்கள் பாதைப் பரிசோதகர் ஒருவர் வேண்டும். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நாங்கள் என்றால் தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்தில் இருக்கும் சில பேர். வெல்டிங் வேலை செய்பவர் இருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியை இருக்கிறார், புறக்கோட்டைக் கடைகளில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற உங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். சிங்கள நண்பர்களும் எங்களோடு சேர்ந்திருப்பதால் இதே மடலை அவர்கள் சிங்களத்திலும் எழுதி அனுப்புகிறார்கள்.

களனிவெளிக் கோச்சி எப்படி ஓடுகிறது என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருதானையை விட்டால் பேஸ்லைன் வீதி, கொட்டா வீதி, நாரஹேன்பிட்டி, நுகேகொடை என்று வீட்டு மதில்களுக்குப் பக்கத்தால் ஒதுங்கி, கோல்ஃப் மைதானத்துக்கு நடுவால் புகுந்து, வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும். காலையில் அதில் நின்றுகொண்டு வருகிறவர்கள் வேகத்தைப் பற்றிப் புறுபுறுக்காத நாள் இல்லை. காரணம் எஞ்சினில் இல்லை, பாதையின் பிறப்பில் இருக்கிறது. 1902-இல் அவிசாவளை வரைக்கும் அதைப் போட்டபோது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இருந்த அகலம் வெறும் 2 அடி 6 அங்குலம். அந்த அகலத்துக்குக் கூரான வளைவு ஒரு பிரச்சினையே இல்லை. 1990களில் அதை மற்றப் பாதைகளைப் போல 5 அடி 6 அங்குலமாக மாற்றினார்கள். அகலம் மாறியது, வளைவுகள் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டன. இன்றைக்கும் அந்தக் கோச்சியில் போகும்போது பழைய குறுகிய பாதையின் மேலேதான் போகிறோம், பலருக்கு அது தெரியாது.

அந்தப் பாதை போட்டது தேயிலைக்கும் றப்பருக்கும். அவிசாவளைக்கு அப்பால் ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்குப் போனது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதைக் கழற்றிவிட்டார்கள். மற்றக் கிளை 1912-இல் இரத்தினபுரியையும் 1919-இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. 1970களில் அதையும் மூடினார்கள். நுவரெலியா, இராகலைப் பக்கம் நானுஓயாவிலிருந்து போன இன்னொரு குறுகிய பாதை 1970களுக்கு முன்னமே போய்விட்டது. கடைசியாக மிஞ்சிய கொழும்பு–அவிசாவளைத் துண்டும் அகலப் பாதையானதோடு, குறுகிய பாதையில் பயணிகள் கோச்சி என்ற ஒன்று இந்த நாட்டில் முடிந்துபோனது. இன்று முப்பது வயதுக்குள் இருக்கும் கொழும்புப் பிள்ளை ஒன்று அதைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை.

பழைய பொருட்களைத் திணைக்களம் கைவிட்டுவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 1865-ஆம் ஆண்டின் கொழும்பு டெர்மினஸ் கட்டடத்தை 2009-இல் அருங்காட்சியகமாகத் திறந்தீர்கள். இலங்கையில் முதல் புகையிரதம் ஓடி 150 ஆண்டு நிறைந்த அன்று, 2014 டிசம்பர் 27-இல், கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகத்தைத் திறந்தீர்கள். பழைய நீராவி எஞ்சின்களைப் பூட்டி வைஸ்ரோய் கோச்சியை 1986-இலிருந்து ஓட்டினீர்கள். எஞ்சினும் பெட்டியும் ஒன்றாக இருக்கும், குறுகிய பாதையின் சென்டினல் நீராவி ரயில்காரைப் பழைய இரும்புக்குப் போடாமல் காப்பாற்றியதும் உங்கள் ஆட்கள்தான். அதற்காக நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

ஆனால் ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது. காப்பாற்றியதெல்லாம் உருளக்கூடிய பொருட்களை. எஞ்சினுக்குப் பெயரும் இலக்கமும் இருப்பதால் அதன்மேல் எல்லோருக்கும் பாசம் வருகிறது. அது ஓடிய பாதையின்மேல் யாருக்கும் பாசம் இல்லை. அந்தப் பாதையைப் போடத் தெரிந்த கைகளைப் பற்றி ஒருவருமே கதைக்கவில்லை. குறுகிய பாதை எஞ்சின் ஒன்றை நீங்கள் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்து வைத்தாலும், அது ஓட நூறு மீட்டர் பாதை இல்லையென்றால் பார்க்க வருகிற பிள்ளைக்கு அது ஒரு பெரிய இரும்புப் பெட்டி மட்டுமே.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதை இரண்டு உதாரணங்களோடு சொல்ல விடுங்கள். இது நடக்கிற காரியமா என்று உங்கள் காரியாலயத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவை உதவும்.

வேல்ஸில் ஃபெஸ்டினியோக் என்று ஒரு சின்னப் பாதை இருக்கிறது. அகலம் இரண்டடிக்கும் சற்றுக் குறைவு. மலையிலிருந்து சிலேட்டுக் கல் இறக்குவதற்காக 1836-இல் திறந்தது. 1946-இல் மூடினார்கள். 1950களில் ஆர்வலர்கள் அதைக் கையேற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வந்தார்கள். இதற்குள் மின் நிலையம் ஒன்றுக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் மேல்பகுதிப் பாதையை மூழ்கடித்துவிட்டது. பாதை அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் 1965 ஜனவரியில் மண்வெட்டியும் பிக்காசும் தள்ளுவண்டியும் எடுத்துக்கொண்டு மலைச்சரிவுக்குப் போய், நீருக்கு மேலால் ஒரு புதுப் பாதை வெட்டத் தொடங்கினார்கள். வந்தவர்கள் மாணவர்கள், காரியாலய ஊழியர்கள், விடுமுறையில் இருந்தவர்கள். உயரம் பிடிக்க வேண்டியிருந்ததால் டுவால்ட் என்ற இடத்தில் பாதையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தன்னையே தாண்டிப் போக வைத்தார்கள். நம்முடைய தெமோதரையில் நிலையத்துக்குக் கீழால் சுரங்கம் போய்ப் பாதை தன்னையே சுற்றிக்கொள்கிறதே, அதே கணக்கு. 1978-இல் அந்தப் புதுப் பாதை நீர்த்தேக்கத்தைக் கடந்தது, 1982-இல் பழைய கடைசி ஊரான பிளைனாய் ஃபெஸ்டினியோக்கைத் தொட்டது.

இதில் எங்களுக்குப் பிடித்த ஒரு இடம் உண்டு. அந்த மலையில் ஒரு சுரங்கமும் குடைய வேண்டியிருந்தது. அதைத் தொண்டர்கள் தொடவில்லை. கோர்ன்வாலில் இருந்து சுரங்க வேலை தெரிந்தவர்களைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டுக் குடைய வைத்தார்கள். எது தங்களால் முடியும், எது முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொண்டர் என்றதும் விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைக்கும் அதிகாரிகள் இந்த ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும்.

மற்றது அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில். விஸ்காசெட், வாட்டர்வில், ஃபார்மிங்டன் என்று மூன்று ஊர்களின் பெயரைச் சேர்த்து வைத்த இரண்டடிப் பாதை. 1933-இல் ஒரு கோச்சி தடம் புரண்டதோடு கம்பனி கடையைச் சாத்திவிட்டது. தண்டவாளத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றார்கள், பாதை போன இடம் காடாகிவிட்டது. 1989-இலிருந்து தொண்டர்கள் அந்தக் காட்டுக்குள் இறங்கி, பழைய மண்மேட்டைத் தேடிப் பிடித்து, மரங்களை வெட்டிக் கட்டை அடுக்கித் தண்டவாளம் போட்டு வருகிறார்கள். வசந்த காலத்தில் ஒரு வாரஇறுதி, இலையுதிர் காலத்தில் ஒரு வாரஇறுதி என்று நாள் குறித்து, தூர ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் சேர்வார்கள். இன்று அங்கே நாலு கிலோமீட்டருக்கு மேல் கோச்சி ஓடுகிறது. ஓரிடத்தில் ஓடை ஒன்றைக் கடக்கப் பாலம் வேண்டியிருந்தது. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் 1918-இல் கட்டி, 2004-இல் தீயில் எரிந்த ஒரு மரப் பாலத்தின் மிச்சத்தைத் திருத்தியெடுத்துக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டார்கள். இருந்த இடத்தில் ஏற்கெனவே ஓடுகிற பாதையைப் பராமரிப்பது ஒரு வேலை. ஒரு அடிகூட மிஞ்சாத இடத்தில் புதிதாகப் பாதை போடுவது முற்றிலும் வேறு வேலை. அவர்கள் இரண்டாவதைச் செய்கிறார்கள். நாங்களும் கேட்பது அதைத்தான்.

இதெல்லாம் காசுக்காரர் நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஆட்கள் கூலி வாங்காமல் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதை இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. 1958-இல் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய கலாநிதி ஆரியரத்ன தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குருநாகல் பக்கம் கனத்தொலுவ கிராமத்துக்குச் சிரமதானத்துக்குப் போனது கொழும்பு நாளந்தாக் கல்லூரியிலிருந்து. உங்கள் தெமட்டகொடை எஞ்சின் செட்டுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. கோயில் கிணறு இறைப்பதும் பள்ளிக்கூட மைதானம் திருத்துவதும் மழைக்குப் பிறகு கான் துப்புரவு செய்வதும் எங்கள் ஆட்களுக்குப் பழகிய வேலை. சாப்பாட்டுப் பார்சலும் பிளேன் டீயும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேரைச் சேர்ப்பது ஒரு கஷ்டமே இல்லை.

சரி, ஆட்கள் வருவார்கள். வேலை தெரிந்தவர்கள் வேண்டாமா? இந்த மடலை இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

எங்கள் ஒழுங்கையில் உங்கள் திணைக்களத்தில் பாதை வேலை பார்க்கும் கேங் ஒன்றின் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். சொந்த இடம் இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டம். ஒருநாள் தண்டவாளத்தை எப்படி நேராக்குவீர்கள் என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை, எழும்பி வெளியே வந்து வீதியோரக் கானின் சீமெந்து விளிம்புக்குப் பக்கத்தில் குந்தினார். தலையைக் கிட்டத்தட்ட நிலத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த விளிம்பு வழியே பார்த்தார். பிறகு கையை மட்டும் தூக்கினார். அங்கே நின்ற பையனை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தி, கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்திக் காட்டினார். அந்த இடம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் நூல் பிடித்துப் பார்த்தோம். அவர் காட்டிய அதே இடத்தில் ஒரு விரல் அளவுக்குச் சீமெந்து இறங்கியிருந்தது. தினமும் அதைத் தாண்டி நடக்கிற எங்கள் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை.

"பெட்டி ஓடுறப்போ சத்தத்திலயே தெரிஞ்சிரும் தம்பி" என்றார். "கல்லு கெட்டியா இருந்தா அலவாங்கு துள்ளும். கட்டைக்கு அடியில பொள்ளலா இருந்தா தொப்புனு விழும். எங்க கேங்குல புதுசா வர்ற பயலுக்கு மொத மாசம் இத மட்டுந்தான் கேக்கச் சொல்லுவோம்."

கேட்கச் சொல்லுவோம் என்கிறார், செய்யச் சொல்லுவோம் என்று இல்லை. சிலிப்பர் கட்டைக்கு அடியில் சல்லிக்கல்லை எவ்வளவு இறுக்க வேண்டும், வெயில் ஏறும்போது இரும்பு நீளும் என்பதால் இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்தினால் பெட்டி சாயாமல் திரும்பும், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் ஆணியான டாக் ஸ்பைக்கை எந்தச் சரிவில் பிடித்து அடித்தால் கட்டை வெடிக்காது, இவையெல்லாம் கையேட்டில் எண்களாக இருக்கின்றன. அந்த எண்களைக் கைக்குக் கொண்டுவரும் பழக்கம் அந்த மனிதர்களிடம் மட்டும் இருக்கிறது. மரக்கட்டை இருந்த இடத்தில் கொங்கிறீட் சிலிப்பர் வருகிறது, கல் இறுக்க இயந்திரம் வருகிறது. வரத்தான் வேண்டும். கோச்சி வேகமாகவும் பத்திரமாகவும் ஓட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கையால் பாதை போடத் தெரிந்த கடைசி ஆட்கள் இப்போது ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள், வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் குந்தி இருந்து கண் வைத்துப் பார்க்க ஒரு பாதை வேண்டும். அவர்களிடம் கேட்டுப் படிக்க இருபது வயதுப் பிள்ளைகள் அந்தப் பாதையில் நிற்க வேண்டும். வீடியோவில் பிடித்து வைத்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. அலவாங்கு துள்ளுகிறதா விழுகிறதா என்பது பிடித்திருக்கிற கைக்குத்தான் தெரியும்.

தமிழர்களாக எங்களுக்கு இதில் இன்னொரு பற்றும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. 1867-இல் கண்டிக்குக் கோச்சி போனது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறை வெட்டி மண் சுமந்தவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் எத்தனையோ பேர் பாதையோரத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். கங்காணி என்ற பதவிப் பெயரும் கேங்குகளில் பேசிய தமிழும் அங்கிருந்து வந்தவை. பெரிய பொறியியலாளர்களின் பெயரில் கோபுரமும் கல்வெட்டும் இருக்கின்றன, கடுகண்ணாவையில் கண்டி வீதியைப் போட்ட டோசனின் கோபுரம் இன்றும் நிற்கிறது. அலவாங்கு பிடித்தவனுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு நினைவுக்கல் நாட்டுவதைவிட அவன் செய்த வேலையை அவன் செய்த விதத்திலேயே ஒரு முந்நூறு மீட்டருக்குச் செய்து காட்டுவது மேலான மரியாதை என்பது எங்கள் எண்ணம்.

தண்டவாளம் இல்லாமல் போனால் ஒரு ஊர் எப்படி இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1905-இல் முழுமையாகத் திறந்த வடக்குப் பாதையில் 1990-இல் யாழ்தேவி நின்றது. இரும்பும் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையங்கள் கூரையில்லாமல் நின்றன. 2014 ஒக்டோபரில் கோச்சி மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போனபோதும் அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டபோதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதைப் பற்றிக் கதைக்காத வீடு இல்லை. அந்தப் பாதையை இந்தியாவின் இர்கோன் கம்பனி இயந்திரங்களோடு வந்து போட்டது. நூற்றுக்கணக்கில் பயணிகள் ஏறும் பாதையை அப்படித்தான் போட வேண்டும். எங்கள் ஆட்கள் கடவையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்களில் சிலர் இன்று எங்களோடு இருக்கிறார்கள், இந்த முறை கையுறை போட்டுக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும் என்கிறார்கள்.

இனி வேலை விவரத்துக்கு வருகிறேன்.

இடத்தைப் பொறுத்தவரை எங்கள் முதல் விருப்பம் பழைய கொழும்பு டெர்மினஸ் கட்டடத்தைச் சுற்றியுள்ள உங்கள் காணி. 1908-இல் மருதானை நிலையம் திறக்கும் முன்னர் கொழும்பின் வாசல் அதுதான். அங்கே முடியாது என்றால் தெமட்டகொடையில், அதுவும் முடியாது என்றால் இரத்மலானையில் உங்கள் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்தில். அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பக்கம் பழைய பாதை போன நிலத்திலேயே போட வேண்டும் என்று எங்களில் சிலருக்கு ஆசை. அந்த ஆசை நியாயமானது, ஆனால் முதலில் அங்கே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழைய பாதை நிலத்தில் பல இடங்களில் வீடுகள் வந்துவிட்டன, வீதிகள் வந்துவிட்டன. களனிவெளிப் பாதையோரத்தில் குடியிருக்கும் சனங்களுக்குப் பாதை அபிவிருத்தி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பொழுதுபோக்கு என்று அவர்கள் நினைக்கக்கூடிய ஒரு காரியத்துக்காக ஒரு குடும்பத்தின் சமையலறைச் சுவரில்கூட யாரும் சிவப்புப் பெயின்ட் அடையாளம் போடக்கூடாது. வேலை பழகிய பிறகு, ஆளில்லாத ஒரு கிலோமீட்டர் அங்கே கிடைத்தால், அந்த ஊர் ஆட்கள் சம்மதித்தால், அப்போது பார்க்கலாம்.

பொருட்களுக்குக் கணக்குப் போட்டுவிட்டோம். இரண்டடிக்கு ஒரு கட்டை என்று வைத்தால் முந்நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 500 கட்டைகள் வேண்டும். கட்டைக்கு நாலு ஸ்பைக் வீதம் 2,000 ஸ்பைக். 10 மீட்டர் நீளத் தண்டவாளம் 60 துண்டு, அவற்றைப் பூட்ட ஃபிஷ் பிளேட்டும் போல்ட் நட்டும். பெரிய பாதையிலிருந்து கழற்றிப் போடும் மரக்கட்டைகளில் நடுவில் உக்கியது, நுனியில் வெடித்தது என்று கழித்தாலும், நல்ல பகுதியை அறுத்தெடுத்தால் குறுகிய பாதைக்குப் போதும். கழித்த தண்டவாளம் குறுகிய பாதைக்குத் தேவைக்கு மேல் கனமாக இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. தூக்குவதுதான் பாடு. மீட்டருக்கு 40 கிலோ என்றால் ஒரு துண்டு 400 கிலோ. பன்னிரண்டு பேர் இடுக்கி போட்டுப் பிடித்தாலும் ஆளுக்கு 33 கிலோவுக்கு மேல் வரும். ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கால் விரல் போகும். அதனால் இரும்புக் கவசம் வைத்த சப்பாத்து இல்லாமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்ற விதியை நாங்களே போட்டுவிட்டோம். பழைய பொருட்களை ஏலத்தில் விற்கும் ஒழுங்கு உங்களுக்கு இருப்பது தெரியும். ஏலத்துக்குப் போகும் பெறுமதியை நாங்கள் சேர்த்துக் கட்டவும் ஆயத்தம். பொருள் திணைக்களத்துடையதாகவே இருக்கட்டும், எங்கள் பெயருக்கு ஒரு ஆணியும் வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் அதைவிடக் கண்டிப்பாக இருக்கவே விரும்புகிறோம். கரையோரப் பாதையில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் தண்டவாளத்தில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். பாதையில் நடப்பது குற்றம் என்ற சட்டம் இருப்பது சரி. தொண்டர்கள் பாதையில் கால் வைக்கும் நாட்களை நீங்கள் தீர்மானியுங்கள். வேலி, பெயர்ப் பதிவு, முதலுதவி, ஒவ்வொருவருக்கும் காப்புறுதி, எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தண்டவாளத்தையும் சுத்தியலையும் தொடக்கூடாது. கட்டளைகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். தூக்கு என்ற சொல் ஒருவருக்கு விளங்கி மற்றவருக்கு விளங்காமல் போகும் இடம் இது இல்லை.

உங்கள் ஊழியர் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் இல்லாத ஆட்களை உள்ளே விட்டால் நாளைக்குச் சம்பளக்காரரின் வேலைக்கு ஆபத்து என்று நீங்கள் நினைத்தால் அந்தப் பயத்தை நாங்கள் மதிக்கிறோம். மலையகப் பாதையில் மண் சரிந்தால் மழையோடு மழையாக இரவிலும் மண் அள்ளுகிறவர்கள் நீங்கள். பயணிகள் ஓடும் பாதையின் ஒரு நட்டைக்கூடத் தொண்டர்கள் முறுக்கக்கூடாது, எந்த வெற்றிடத்தையும் தொண்டர்களைக் காட்டி நிரப்பாமல் விடக்கூடாது என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிடுவோம். மேற்பார்வைக்கு வரும் உங்கள் ஆட்களுக்கு அந்த நாளுக்குரிய மேலதிக நேரக் கொடுப்பனவைத் திணைக்களம் கொடுக்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கைதான். ஓய்வுபெற்றவர்கள் கற்றுக்கொடுக்க வந்தால் அவர்களுக்கும் ஒரு கொடுப்பனவு வேண்டும். இலவசமாக உழைக்க வருகிறவர்கள் நாங்கள். வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள் இலவசமாக வரத் தேவையில்லை.

முந்நூறு மீட்டர் போட்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் ஒரு தள்ளு டிரொலி ஓடட்டும். உங்கள் பரிசோதகர் அளவுகோலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 2 அடி 6 அங்குலம் பிசகாமல் இருக்கிறது என்று கையெழுத்து வைத்த பிறகு, சென்டினல் ரயில்காரை ஒரு நாள் கொண்டுவந்து அதன் மேல் நிறுத்துங்கள். நீராவி ஏற்றி நகர்த்த முடிந்தால் இன்னும் சந்தோஷம். முந்நூறு மீட்டர் போய்த் திரும்புவதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து மட்டும் இல்லை, பழைய பாதையில் கோச்சி ஏறிப் பள்ளிக்கூடம் போன அவிசாவளை, எகலியகொடை, இரத்தினபுரி ஆட்களும் வருவார்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் கொழும்பில் மழை குறைவு, மண் வேலைக்கு அதுதான் காலம். அதற்கு முன் நிலம் அளந்து, உடன்படிக்கை எழுதி, பொருள் சேர்க்க ஆறு மாதமாவது பிடிக்கும். ஆகவே இந்த மடலுக்கு எழுத்தில் ஒரு பதிலும், உங்கள் பாதைப் பகுதிப் பொறியியலாளரைச் சந்திக்க ஒரு நாளும் கேட்கிறோம். ஒல்கொட் மாவத்தைக் காரியாலயத்துக்கு எந்தக் கிழமை நாளிலும் வர ஐந்து பேர் லீவு போட ஆயத்தமாக இருக்கிறோம். கங்காணி ஐயாவும் வருவார். அளவு விஷயத்தில் உங்கள் பொறியியலாளர் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லுவார்.

இப்படிக்கு,
குறுகிய பாதை ஆர்வலர்கள் சார்பில்,
தெமட்டகொடை, கொழும்பு 9